வெறுங்கையோடு வாங்க!

ஆறாம் வகுப்பில் கராத்தே கிளாஸில் சேர்ந்தீங்க. மஞ்சள், பச்சை, நீலம், பிரவுன் என்று ஒவ்வொரு பெல்ட்டாக ஏறி, காலேஜ் ஃபர்ஸ்ட் இயரில் கறுப்பு பெல்ட்டும் வாங்கியாச்சு. ஹாஸ்டலில் உங்க பேரே 'மாஸ்டர்'தான். ராகிங் பண்ண வந்த சீனியர்கூட உங்க முஷ்டியைப் பார்த்துட்டு, "சாப்டியா தம்பி?"னு கேட்டுட்டுப் போயிட்டார். எல்லாம் சரி... அடுத்து என்ன?

இந்தக் கேள்வி உங்களுக்குள்ளேயும் ஓடுதா? அப்போ செமஸ்டர் லீவுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. ஊர், திருவனந்தபுரம். கத்துக்கப் போறது, களரிப்பயட்டு.

சென்னை எழும்பூரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் ஏறினால், மதுரை, நெல்லை, நாகர்கோவில் எல்லாம் தாண்டி தம்பானூரில் இறக்கி விடும். அங்கிருந்து கிழக்கே கோட்டைக்கு ஆட்டோகூட வேண்டாம். பொடிநடையாகப் போயிடலாம். பத்மநாபசுவாமி கோயில் குளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால், கோட்டைப் பகுதியிலேயே இருக்கிறது சி.வி.என். களரி. 1956-ல் ஆரம்பித்த இடம். காலைப் பயிற்சி நேரத்தில் போனால் நின்று பார்க்கலாம்.

உள்ளே எட்டிப் பார்த்தால் முதல் ஆச்சரியம்... தரையைக் காணோம்! களரி என்பது பூமிக்குள் இறங்கி இருக்கும் கூடம். நீளம் 42 அடி, அகலம் 21 அடி. கீழே மேட் கிடையாது, மண்தான். நம்ம ஊர்க்காரங்க வீடு கட்டும்போது பார்ப்பாங்களே கன்னி மூலை, அந்தத் தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு 'பூத்தறை' இருக்கும். வலது காலை முன்னால் வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்து, பூத்தறையையும் குருக்களையும் வணங்கிவிட்டுத்தான் பயிற்சி. டோஜோ வாசலில் குனிந்து வணக்கம் வைத்துப் பழகின உங்களுக்கு இது ஒண்ணும் கஷ்டமில்லை.

கஷ்டம் இனிமேல்தான்!

பெல்ட் எங்கே பாஸ்?

இங்கே பெல்ட் கிடையாது. இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற கச்சைதான். அதில் கிரேடும் இல்லை, எக்ஸாமும் இல்லை. யார் சீனியர், யார் ஜூனியர் என்பது அசைவைப் பார்த்தால்தான் தெரியும். பத்து வயசுப் பொடியன் ஒருத்தன் உங்க பக்கத்தில் நின்று, கால் கட்டைவிரலால் தலைக்கு மேல் தூக்கிய உள்ளங்கையைச் சுலபமாகத் தொடுவான். உங்க கறுப்பு பெல்ட் பெட்டிக்குள் தூங்கும்.

ஃபீல் பண்ணாதீங்க. கராத்தேயிலும் பெல்ட் ஆதியில் இருந்ததில்லை. ஜப்பானில் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோவின் ஏற்பாடு அது. ஒகினாவா தீவிலிருந்து 1922-ல் டோக்கியோ வந்து கராத்தே சொல்லிக்கொடுத்த ஃபுனகோஷி கிச்சின், அதைக் கடன் வாங்கி 1924-ல்தான் முதல் கறுப்பு பெல்ட்களைக் கொடுத்தார். அதற்கு முன்னால் அடித்தவர்களும் நன்றாகத்தான் அடித்தார்கள்!

முட்டி செய்யும் சதி

முதல் பாடம் காலெடுப்பு. 'நேர்க்கால்' என்றால், முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து காலை அப்படியே வீசி மேலே தூக்கணும். உங்க கால் என்ன பண்ணும் தெரியுமா? முட்டியை மடக்கி, 'படார்'னு விட்டு, 'சட்'டென்று இழுத்துக்கொள்ளும். அதுதானே கராத்தேயின் மே-கெரி! எத்தனையோ ஆயிரம் தடவை அடித்த உதை. மூளை 'நேரா தூக்கு' என்று சொன்னாலும் முட்டி கேட்காது.

அடுத்து வடிவுகள். யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எட்டு. கராத்தேயில் முதுகு நிமிர்ந்தே இருக்கும். ஒவ்வொரு குத்தும் ஒரு புள்ளியில் இறுகி நிற்கும். களரியில் உடம்பு தரையோடு தாழும், வளையும், உடனே எழும்பும். ஒரு அசைவு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும். நீங்கள் பழக்கதோஷத்தில் நடுவில் 'டக்'கென்று நிற்பீர்கள். வரிசையில் பின்னால் வருகிறவர் உங்கள் மேல் மோதுவார்.

ஒரு ஆறுதல், 'வாய்த்தாரி'. குருக்கள் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போகும் கட்டளைகள். 'இச், நி, சான்' என்று ஜப்பானிய மொழியில் எண்ணிப் பழகின காதுக்கு, 'வலத்து', 'இடத்து', 'நேரே' என்று கேட்டால் சொந்தக்காரர் குரல் மாதிரி இருக்கும். மலையாளம் தெரியாத தமிழ்ப் பசங்களுக்கும் பாதி புரிந்துவிடும்.

கடைசி பெஞ்சில் கராத்தே

இப்போ மேட்டருக்கு வருவோம். களரியில் பாடத்திட்டம் ஒரு வரிசைப்படி போகும். முதலில் 'மெய்த்தாரி', உடம்பைத் தயார் பண்ணுவது. அடுத்து 'கோல்தாரி', நீளக் கம்பு, குட்டைக் கம்பு, யானைத் தந்தம் மாதிரி வளைந்த 'ஒற்ற'. அப்புறம் 'அங்கத்தாரி', கத்தி, வாளும் கேடயமும், ஈட்டி, சுருள்வாள். (இடுப்பில் சுற்றிக்கொள்ள பெல்ட் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்கு இந்தச் சுருள்வாள்தான். ஜாக்கிரதை!) இவை எல்லாம் முடிந்து, கடைசியாக வருகிற பாடத்துக்குப் பெயர் என்ன தெரியுமா?

'வெறும்கை'.

ஜப்பானிய மொழியில் 'கரா' என்றால் வெறுமை, 'தே' என்றால் கை. கராத்தே என்றாலும் வெறுங்கைதான். அதாவது, நீங்கள் முதல் நாளிலிருந்து ஏழெட்டு வருஷம் படித்த அந்த ஒரே சப்ஜெக்ட், இங்கே ஃபைனல் இயர் பேப்பர்! 'எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே, நேரா அங்கே போகலாமா?' என்று கேட்டால் குருக்கள் சிரிப்பார். ஆயுதத்தின் தூரமும் வேகமும் உடம்பில் ஏறின பிறகு நீட்டுகிற வெறுங்கை வேறு. ஆயுதத்தையே பார்க்காமல் நீட்டுகிற வெறுங்கை வேறு.

இங்கேதான் நிறையப் பேர் மூட்டை கட்டுகிறார்கள். உடம்பு வலி தைலத்தில் போய்விடும். 'மாஸ்டர்' மறுபடி எல்.கே.ஜி. ஆவதில் வருகிற வலிக்குத் தைலம் கிடையாது.

அப்போ பழசெல்லாம் வேஸ்ட்டா? இல்லவே இல்லை. ஓட்சுகா ஹிரோனோரி கதையைக் கேளுங்க. சின்ன வயசிலிருந்து ஜுஜுட்சு படித்து, அதில் தேறியவர். 1922-ல், முப்பது வயதில், ஃபுனகோஷியிடம் கராத்தே மாணவனாகப் போய் நின்றார். கத்துக்கொண்டார். பிறகு இரண்டையும் கலந்து 1930-களில் 'வாடோ-ரியூ' என்ற புதுப் பாணியையே உருவாக்கினார். அவருடைய ஜுஜுட்சு எங்கேயும் போகவில்லை. உங்களுக்கும் அப்படித்தான். எதிராளியோடு எவ்வளவு தூரத்தில் நிற்பது, கண்ணை அவர்மேல் நிறுத்துவது, அடி வருகிற நேரத்தைக் கணிப்பது... இதெல்லாம் கம்பு கையில் வந்ததும் தானாக எழுந்து வரும். முட்டிதான் கொஞ்சம் லேட்டாக வழிக்கு வரும்.

கிளம்பும் முன் நாலு விஷயம்

ஒண்ணு, ஒரு வார லீவில் களரியைப் பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள வருஷக்கணக்கு ஆகும்.

ரெண்டு, மழைக்காலம்தான் இதற்கு உகந்த சீசன். எண்ணெய் தேய்த்துப் பயிற்சி, அதோடு உழிச்சில். மேலே தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்துத் தேய்ப்பதும் உண்டு.

மூணு, 'ஆரம்பத்திலிருந்தே வெறுங்கைதான் வேணும்' என்கிறவர்கள் நாகர்கோவிலிலேயே இறங்கிடுங்க. கன்னியாகுமரி மாவட்டத்தின் அடிமுறை, தெற்கன் பாணி. அங்கே வெறுங்கைக்கும் வர்மத்துக்கும் முதலிடம். சொல்லிக் கொடுப்பவர் ஆசான். 2020-ல் வந்த 'பட்டாஸ்' படத்தில் தனுஷ் காட்டியது இதைத்தான்.

நாலு, ரொம்ப முக்கியம். களரியில் வெற்றிலையில் தட்சணை வைத்துக் கொடுத்துச் சேர்வது வழக்கம். அதைக் கொடுப்பதற்கு முன்னாடி, ஊரில் உங்க கராத்தே மாஸ்டரைப் பார்த்து, "சார், இப்படி ஒரு ஆசை"னு நேரில் சொல்லுங்க. அடுத்தவர் மூலமாக அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. நல்ல மாஸ்டர் என்றால், ரெண்டு திட்டு திட்டிட்டு, "போயிட்டு வந்து எனக்கும் காட்டுடா"ம்பார்.

அப்புறமென்ன? பெல்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். மடித்து பீரோவில் வைங்க. கச்சை கட்ட ஆள் ரெடியா?