மண் குதிரையும் மார்வாரிக் குதிரையும்

எங்கள் கோவிலூர் காரைக்குடியை ஒட்டிய ஊர். வருகிறவர்கள் கொற்றவாளீசுவரரைக் கும்பிட்டு, ஊருணியைச் சுற்றி, வேதாந்த மடத்தையும் பார்த்துவிட்டுப் போவார்கள். லீவுக்கு வந்த என் மகள் மட்டும், "அம்மா, அய்யனார் கோவில் குதிரைகளைப் பார்க்கணும்" என்றாள்.

காரணம் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் அவள், இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரையேற்றம் பழகியிருக்கிறாள். போன குளிர்காலத்தில் ராஜஸ்தானில் ஷேகாவதி பக்கம் ஐந்து நாள் குதிரையிலேயே ஊர் ஊராகப் போயிருக்கிறாள். போய் வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். எனக்கு வந்த கோபம்! "விழுந்திருந்தா யாருடி பதில் சொல்றது?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் இருவரும் நடந்தோம். ஊருக்கு வெளியே மரத்தடியில் மண் குதிரைகள் வரிசையாக நின்றன. வேளார் கையால் செய்து, புரவியெடுப்பில் ஊரார் தோளில் சுமந்து வந்து வைத்தவை.

"அந்த ஊரும் நம்ம செட்டிநாடு மாதிரிதாம்மா. நவல்கர், மண்டாவா எல்லாம் வியாபாரிகள் கட்டின பெரிய வீடுகள், சுவர் முழுக்கச் சித்திரம். மார்வாரிக் குதிரைக்குக் காது இரண்டும் உள்பக்கம் வளைஞ்சு நுனி தொட்டுக்கிட்டிருக்கும்" என்றாள்.

"பந்தயமா?"

"இல்லவே இல்லை. குதிரைக்குத் தண்ணி காட்டின பிறகுதான் நாங்க குடிப்போம். ஊர் நெருங்கினா இறங்கி, சேணத்து வாரைத் தளர்த்திக் கூடவே நடப்போம்."

அப்புறம் அவள் விவரமாகச் சொன்னாள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 30 முதல் 40 தடவை இதயம் துடிக்கும். வெளிநாட்டு நெடுந்தூரச் சவாரிகளில், துடிப்பு 60, 64 என்று இறங்கினால்தான் கால்நடை டாக்டர் மேலே போக விடுவார். கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்து, உடம்பில் நீர் குறைந்திருக்கிறதா என்றும் சோதிப்பார். அமெரிக்காவில் 1955-இல் தொடங்கிய டெவிஸ் கோப்பைச் சவாரி, 24 மணி நேரத்தில் 160 கிலோமீட்டர். நேரத்துக்குள் குதிரையை நலமாகக் கொண்டு சேர்த்த அத்தனை பேருக்கும் வெள்ளி பக்கிள் உண்டு.

எனக்கு எப்போதோ படித்தது ஞாபகம் வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப் போனதையும் எழுதியிருக்கிறார். மண் குதிரையைத் தோளில் சுமந்த நாம், உயிருள்ளதைப் பேணத் தெரியாமல் இருந்திருக்கிறோமே!

சகோதரிகளே, உங்கள் பெண்ணும் ஆசைப்பட்டால் உடனே "கூடாது" என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் நல்ல பயிற்சிப் பள்ளியில் கற்கட்டும். தலைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும். கால் வைக்கும் வளையத்தில் பாதம் சிக்காதபடி, சிறிய குதிகால் உள்ள ஷூ வேண்டும். முதுகுவலிக்காரர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம்.

திரும்பும்போது, "உன் குதிரைக்கு என்ன தீனி போட்டீங்க?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரும்வரை அதையே பேசினாள்.

மார்கழியில் மறுபடி போகிறாளாம். இந்தத் தடவை சொல்லிவிட்டுப் போகிறாள்.