சிற்றூர்ப் பத்திரிகையும் பாடசாலையும்

ஒரு நாட்டின் வரலாறு தலைநகரங்களில் மட்டும் எழுதப்படுவதன்று. ஐக்கிய அமெரிக்காவின் சிற்றூர்களில் அது நெடுங்காலமாக வாரப் பத்திரிகைகளில் எழுதப்பட்டு வந்தது. பாடசாலைக் கூடைப்பந்தாட்ட அணியின் வெற்றி, சிறப்புத் தேர்ச்சி எய்திய மாணவரின் பெயர்கள், மதிய உணவு விபரம், மரண அறிவித்தல் என்பன அருகருகே அச்சேறின. பிள்ளையின் பெயர் வந்த பகுதியைப் பெற்றோர் வெட்டியெடுத்துப் பேணினர். பெருநகரத்தார் இவற்றை அற்பச் செய்திகள் எனக் கருதக்கூடும். ஆயின், தன் பெயரை ஊர்ப் பத்திரிகையிற் கண்டு மகிழ்ந்த பிள்ளையே பின்னாளில் அதன் வாசகராகவும் ஊரின் வாக்காளராகவும் வளர்ந்தது.

பத்திரிகைக்கு இதனினும் பாரிய பணியொன்று உண்டு. அந்நாட்டிற் பொதுப் பாடசாலைகளை மத்திய அரசு நடத்துவதில்லை. பெரும்பாலும் ஊர்மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த கல்விச் சபைகளே அவற்றை நிருவகிக்கின்றன. செலவிற் கணிசமான பகுதி அம்மக்களின் வீடு, நிலங்கள்மீது விதிக்கப்படும் வரியினாற் பெறப்படுகின்றது. ஆதலின், மாலையிற் கூடும் கல்விச் சபைக் கூட்டத்திலே ஒரு நிருபர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருத்தல் சிறு காரியமன்று. அவர் அங்கிருத்தலே சபையோரை விழிப்புடன் பேசச் செய்யும்.

இன்று பல ஊர்களில் அவ்விருக்கை வெறுமையாயுள்ளது. நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழக ஆய்வாளரின் கணக்கின்படி, 2005 ஆம் ஆண்டின் பின்னர் அமெரிக்கப் பத்திரிகைகளுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை மறைந்துவிட்டன. அவற்றுட் பெரும்பாலானவை வார ஏடுகள். சிறு விளம்பரங்கள் இணையத்தை நாடிச் சென்றமையும், பத்திரிகைகளை வாங்கிய பெருங் கம்பனிகள் ஆட்குறைப்புச் செய்தமையும் இதற்குரிய காரணங்களுட் சில.

இச்சூழலிற் கன்சாஸ் மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் என்னும் சிறுநகரில் 2017 இல் நிகழ்ந்தது சிந்திக்கத்தக்கது. அங்குள்ள உயர்பாடசாலைக்குப் புதிய அதிபரொருவர் தெரிவானார். அவரை அறிமுகஞ்செய்து கட்டுரை எழுதப் புகுந்த மாணவப் பத்திரிகையாளர், அவர் பட்டம் பெற்றதாகக் கூறிய நிறுவனத்தின் அங்கீகாரம் ஐயத்துக்குரியது எனக் கண்டனர், மேலும் விசாரித்தனர், கண்டதைத் தம் ஏட்டில் வெளியிட்டனர். சில நாள்களில் அவர் பதவியைத் துறந்தார். கல்விச் சபை காணத் தவறியதை மாணவர் கண்டுவிட்டனர்.

அவர்தம் துணிவுக்குச் சட்டமும் துணைநின்றது. அயல் மாநிலமான மிசூரியில் எழுந்த ஹேசல்வூட் வழக்கிலே, பாடசாலைப் பத்திரிகையைக் கல்வி நோக்கங் கருதித் தணிக்கை செய்ய நிருவாகத்துக்கு உரிமையுண்டென 1988 இல் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கன்சாஸ் மாநிலமோ 1992 இல் மாணவர் வெளியீடுகளின் சுதந்திரத்தைக் காக்கும் சட்டமொன்றை இயற்றியது. அச்சட்டமின்றேல் அக்கட்டுரை அதிகாரிகளின் மேசையிலேயே உறங்கியிருக்கலாம்.

எனினும், மாணவர் ஊர்ப் பத்திரிகைக்கு ஈடாகிவிடுவர் எனக் கொள்வது தவறாகும். அவர்கள் நான்காண்டுகளிற் பாடசாலையை விட்டு நீங்குவர். வரவு செலவுத் திட்டமோ ஆண்டுதோறும் வரும். கேள்வி கேட்கும் பயிற்சியைப் பாடசாலை அளிக்கலாம். அப்பயிற்சி பெற்றோர் தம் ஊரிலேயே தங்கித் தொழில்செய்வதற்கு ஒரு பத்திரிகை வேண்டும். அஃது இல்லாத ஊரில், மக்கள் வரி செலுத்துவர். அது சென்ற வழியை அறியார்.