மால்குடிக்கு ஒரு டிக்கெட்

ஸ்ரீராம்புரத்துக்காரர்களுக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. மல்லேஸ்வரத்தில் பாதி, பசவனகுடியில் பாதி எடுத்து ஒட்டித்தான் ஆர்.கே. நாராயண் தன் கற்பனை ஊருக்கு 'மால்குடி' என்று பெயர் வைத்தார் என்பது பெங்களூரில் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. மல்லேஸ்வரத்தை ஒட்டியே இருக்கிற எங்களுக்கு அதில் ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, அங்கே போக விரும்புகிறவர்களுக்கு இந்தக் கையேட்டைத் தருகிறேன்.

எப்படிப் போவது? 2014 முதல் எங்கள் பேட்டைக்கு மெட்ரோ வருகிறது. ஆனால் அது மால்குடி போகாது. மைசூருக்கும் யெலகங்காவுக்கும் இடையே ஓடிய ஒரு ரயிலுக்கு 'மால்குடி எக்ஸ்பிரஸ்' என்றே ரயில்வே பெயர் சூட்டியது. அதுவும் மால்குடியில் நிற்கவில்லை. சிவமொக்கா மாவட்டத்து அரசாளுவில் இறங்கிப் பார்க்கலாம். 1980களில் தூர்தர்ஷன் தொடருக்காக சங்கர் நாக் மால்குடி ஸ்டேஷனாகக் காட்டியது அதைத்தான். பழைய கட்டடத்தை 2020இல் அருங்காட்சியகமாகவே ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டில் ஊர் இருக்கும், ஸ்டேஷன் இருக்காது. இங்கே ஸ்டேஷன் இருக்கிறது, ஊர்தான் இல்லை.

அதில் ஒரு நியாயமும் உண்டு. பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நாளில் நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத உட்கார்ந்த நாராயணின் கண்ணில் முதலில் பட்டது ஒரு சின்ன ரயில் நிலையம்தான். அந்த நாவல் 1935இல் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்று வெளிவந்தது.

இறங்கியதும் சில எச்சரிக்கைகள். வழி கேட்டால் ரயில்வே ராஜு வருவான். 1958இல் வந்த 'தி கைடு' நாயகன். எதைக் கேட்டாலும் பதில் வரும், உண்மைக்கு உத்தரவாதமில்லை. பணம் தீர்ந்துவிட்டால் கூட்டுறவு வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு மார்கய்யா இருப்பார். பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம், வட்டி பெரிது. காபிக்கு போர்டே இல்லாத 'போர்ட்லெஸ்' ஓட்டல். குளிக்க சரயு நதி. தாராளமாக இறங்கலாம், எந்த நடுவர் மன்றத்திலும் அதன் பேரில் வழக்கு இல்லை.

இது வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னை பெங்களூர்த் தமிழர் பகுதிகளை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவர்களுக்கு, வழக்கில்லாத நதி எவ்வளவு பெரிய சொத்து என்பது தெரியும்.

பெங்களூர்த் தமிழனுக்கு ரயிலில் கஷ்டமான கேள்வி ஒன்று உண்டு. சென்னை ரயிலில் எதிர் சீட்டுக்காரர் "சாருக்கு எந்த ஊர்?" என்பார். "பெங்களூர்" என்றால் விடமாட்டார். "அது சரி, சொந்த ஊர்?" மைசூர் ரயிலில் அதே கேள்வி கன்னடத்தில் வரும். "பெங்களூர்" என்ற பதில் அங்கேயும் போதாது. தாத்தா மில் வேலைக்கு வந்தவர், அப்பா பிறந்தது இங்கே, நான் பிறந்ததும் இங்கே என்று வம்சாவளியைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பயணம் ஓடிவிடும்.

நாராயண் 1906இல் சென்னை புரசைவாக்கத்தில் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது மைசூரில். மால்குடி எந்த மாநிலம் என்று அவர் நாவல்கள் எல்லை போட்டுக் காட்டவில்லை. தமிழர்கள் அதைத் தங்கள் ஊர் என்கிறார்கள். கன்னடர்களும் அப்படியே. இரண்டு பேர் சொல்வதும் சரி; அவர் எழுதியதோ ஆங்கிலத்தில்!

எங்கள் பெட்டிக்கு அந்த ஊர்ப் பெயரில் எழுத்து இல்லாவிட்டால் பரவாயில்லை. எந்த ஊர்க்காரன் என்று டிக்கெட்டோடு சேர்த்துக் கேட்காத ஒரே ஸ்டேஷன் அது. எவ்வளவு லக்கேஜ் வேண்டுமானாலும் கொண்டு போங்கள். சொந்த ஊரை மட்டும் கிளாக் ரூமில் விட்டுவிடலாம்.