கரைக்குப் போனவருக்காகக் காத்திருந்த கப்பல்

தியானப் பகுதி: அப்போஸ்தலருடைய நடபடிகள் 27-ஆம் அதிகாரம்



வல்லக்கோட்டையிலுள்ள நமது போதகர் இல்லத்திற்கு வருகிறவர்கள் பலரும் முன்னறை மேசையின்மேல் இருக்கும் சிறிய பாய்மரக் கப்பலைப் பார்த்து, “எங்கே வாங்கினீர்கள் ஐயா?” என்று கேட்பதுண்டு. அது வாங்கியது அன்று. என் கையால் செய்தது. உற்றுப் பார்த்தால் அதன் இடப்பக்கத்தில் ஒரு கோணல் தெரியும். அந்தக் கோணலைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த வாரம் சொல்லிவிட வேண்டும் என்று என் மனம் என்னை ஏவுகிறது.

மாதிரிக் கப்பல்களை ஆயத்தப் பெட்டியாக வாங்கி ஒட்டுவது ஒரு முறை. ஒவ்வொரு துண்டையும் நாமே அறுத்து, இழைத்து, வளைத்துச் செய்வது மற்றொரு முறை. நான் இரண்டாவதைத் தெரிந்துகொண்டேன். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு இயந்திரப் பாகங்களைச் சுமந்துவரும் பெட்டிகளின் பைன் பலகை பழைய மரக்கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதைக் குச்சிகளாக அறுத்து, வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, கப்பலின் விலா எலும்புகள் போன்ற சட்டங்களின்மேல் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். கயிறுகளுக்குத் தையல் நூல். அது பிசிறாதிருக்கத் தேன்மெழுகு.

முதலில் என் ஆவலைத் தூண்டியது நம் நாட்டில் கட்டப்பட்ட ஒரு கப்பல். ‘ஏசியா’ என்னும் அந்த 84 பீரங்கிப் போர்க்கப்பல், மும்பைத் துறையில் வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்களால் தேக்கு மரத்தில் கட்டப்பட்டு, 1824-இல் நீரில் இறக்கப்பட்டது. கிரேக்கர்களின் விடுதலைப் போர்க்காலத்தில், 1827 அக்டோபர் 20 அன்று, நவரினோ விரிகுடாவில் பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளின் கப்பல்களும் துருக்கிய, எகிப்தியக் கப்பற்படையோடு மோதின. பிரிட்டிஷ் தளபதி காட்ரிங்டன் நின்று நடத்தியது இந்தத் தேக்குக் கப்பலிலிருந்தே. பாய்மரக் கப்பல்கள் மட்டுமே பொருத கடைசிப் பெருங்கடற்போர் அதுவே என்பர்.

அந்த விரிகுடாவைப் பற்றிப் படிக்கையில், அதே நீரில் இரண்டாண்டுகளுக்கு முன் நடந்த வேறொரு நிகழ்ச்சி கண்ணில் பட்டது. ‘ஆரிஸ்’ என்பது இரண்டு பாய்மரங்கள் கொண்ட கிரேக்கக் கப்பல். வணிகத்திற்காக ஓடியது, விடுதலைப் போர் மூண்டபோது போர்க்கப்பலாயிற்று. அதன் தலைவர் ஹைட்ரா தீவைச் சேர்ந்த அனஸ்தாசியோஸ் சமதோஸ். 1825 மே மாதத்தில் எகிப்தியப் படை ஸ்பாக்டீரியா தீவைத் தாக்கியபோது, தீவைக் காக்க அவர் கரையிறங்கிப் போனார். நிலைமை கைமீறியதும் துணைக்கு நின்ற மற்றக் கிரேக்கக் கப்பல்கள் பாய்விரித்து வெளியேறின. ஆரிஸ் மட்டும் போகவில்லை. கரைக்குப் போன தன் தலைவருக்காக அது காத்திருந்தது. அவர் வரவில்லை, அவர் மாண்டார் என்ற செய்தியே வந்தது. அதன்பின்னரே அது நங்கூரம் எடுத்து, வாயிலை அடைத்து நின்ற பகைக் கப்பல்களின் நடுவே பல மணி நேரம் போரிட்டுக்கொண்டே வெளியேறித் தப்பியது. அக்கப்பலைக் கிரேக்கர் நெடுங்காலம் பேணி வைத்திருந்து, விடுதலைப் போரின் நூற்றாண்டான 1921-இல் மரியாதையுடன் கடலில் மூழ்கச்செய்தனர்.

இந்தக் கப்பலையே செய்வது என்று தீர்மானித்தேன். “ஆரிஸ் என்பது புறமதத்தாரின் போர்த் தெய்வத்தின் பெயராயிற்றே ஐயா?” என்று சபை மூப்பர் ஒருவர் கேட்டார். மெலித்தா தீவிலிருந்து பவுல் ஏறிச்சென்ற கப்பலும் இரட்டைத் தெய்வங்களின் அடையாளத்தைத் தாங்கியதுதான் என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் பெருமையாயிருந்தது. எல்லாவற்றிற்கும் என்னிடம் விடை இருந்தது.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு. கப்பலின் இடப்பக்கத்தில் பலகை ஒட்டிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. நமது சபைக்கு வரும் ஓர் இளைஞர். தென்மாவட்டத்திலிருந்து வந்து, ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை செய்தவர். ஞாயிறுதோறும் எல்லாருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளை வரிசைப்படுத்துகிறவர்.

“ஐயா, ஐந்து நிமிடம் பேசலாமா?”

“தம்பி, பசை பூசிவிட்டேன். காய்வதற்குள் பலகையைப் பொருத்தியாக வேண்டும். நாளைக்கு வருகிறீர்களா?”

அவர் சற்று நேரம் நின்று கப்பலைப் பார்த்தார். “அழகாயிருக்கிறது ஐயா” என்றார். போய்விட்டார். அவர் கையில் ஒரு பை இருந்தது. அதை நான் பார்த்தேன். ஆனால் என்ன பை என்று எண்ணவில்லை.

ஞாயிறன்று நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியபடியே கிடந்தன. அவரோடு அறையில் தங்கியிருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது: ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வேறு வேலை அகப்படவில்லை, வியாழன் இரவே பேருந்து ஏறிவிட்டார். உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

“பரவாயில்லை ஐயா. பேருந்து ஏறுமுன் ஒரு ஜெபம் பண்ணிக்கொண்டு போகலாம் என்று வந்தேன். நீங்கள் வேலையாக இருந்தீர்கள்.”

வேலையை இழந்து ஊருக்குத் திரும்புகிறவர், என் பொழுதுபோக்கை ‘வேலை’ என்று மரியாதையாகச் சொன்னார். அவர் என்னைக் கடிந்துகொண்டிருந்தால் எளிதாயிருந்திருக்கும்.

அந்த வாரம் கப்பலைக் கையில் எடுத்தபோது மற்றொன்றையும் கண்டேன். பலகை ஒட்டுவதற்கு ஒரு விதி உண்டு. இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் வலப்பக்கமும் ஒன்று ஒட்ட வேண்டும். ஈரப் பலகை காயும்போது சுருங்கி இழுக்கும். இருபுறமும் சமமாக இழுத்தால்தான் அடிக்கட்டை நேராக நிற்கும். அன்றிரவு வேகத்தில் நான் இடப்பக்கத்தில் மட்டும் ஐந்து பலகைகளை ஒட்டியிருந்தேன். முதுகெலும்பே முறுக்கிக்கொண்டது. ஆவி காட்டிப் பார்த்தேன், பாரம் வைத்துப் பார்த்தேன், முழுவதும் நேராகவில்லை. ஒரு பக்கத்திலேயே கருத்தாயிருந்த மனிதனின் கோணல் அது. அதை மறைக்க வண்ணம் பூசாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

பிரியமானவர்களே, கைத்தொழில் பாவமன்று. நம் ஆண்டவரும் தச்சர் வீட்டில் வளர்ந்தவர். பவுலும் கூடாரம் செய்தவர். ஓய்வு நேரத்தில் ஒரு காரியத்தை அழகாகச் செய்து மகிழ்வதும் தேவன் தந்த ஈவே. ஆனால் ஒரு மனிதன் வாசலில் நிற்கையில், காயும் பசையை நான் பெரிதாக எண்ணினேன். பசை வீணானால் மறுபடி பூசலாம். அந்த ஐந்து நிமிடம் திரும்ப வரவில்லை.

நமது தியானப் பகுதியில் ஒரு சிறு படகு வருகிறது. புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். கப்பலாட்கள் மற்றவர்களை விட்டுத் தாங்கள் மட்டும் தப்பிக்கப் படகைக் கடலில் இறக்கினார்கள். இவர்கள் கப்பலில் நிலைத்திராவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்ற கருத்தில் பவுல் எச்சரித்தார். சேவகர்கள் படகின் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். முடிவில் ஒருவரும் இழந்துபோகாமல் எல்லாரும் கரைசேர்ந்தார்கள். படகு ஒன்றுதான், அதைத் தப்பியோடவும் இறக்கலாம், கரையில் நிற்பவரை அழைத்துவரவும் இறக்கலாம். எதற்காக இறக்குகிறோம் என்பதே காரியம்.

இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் பல ஊர்களிலிருந்து வந்து, சில மாதங்கள் நம்மோடிருந்து, சொல்லாமலே போய்விடுகிறவர்கள் அநேகர். ஒருவருடைய நாற்காலி காலியாயிருக்கும்போது, அடுத்த ஞாயிறு வருவார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இந்த வாரம் அப்படிக் காணாமற்போன ஒருவருடைய பெயரை நினைத்துப் பாருங்கள். முடிந்தால் இன்றே அவரை அழைத்துப் பேசுங்கள்.

அந்தத் தம்பி இன்னும் திரும்பி வரவில்லை. ஊரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை பேசுகிறோம், தொலைபேசியிலேயே ஜெபிக்கிறோம். சென்ற மாதம், “கப்பல் முடிந்துவிட்டதா ஐயா?” என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அடுத்தமுறை அவர் வந்தால் காட்ட ஒன்று உண்டு. கப்பலின் சிறு படகை மேல்தளத்தில் ஏற்றிக் கட்டாமல், கீழே இறக்கிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் வாசலில் நிற்பவர்களைக் காணும் கண்களைத் தாரும். எங்கள் கைகள் வேலையாயிருக்கும்போதும் எங்கள் கதவு திறந்திருக்கச் செய்யும். ஆமென்.

அன்புடன்,
உங்கள் போதகர்