கப்பலடியில் வந்த குடி

போர் ஓய்ந்தால் படைகள் வீடு திரும்பும். கப்பல்கள் கொண்டுவந்து சேர்த்தவை எல்லாம் திரும்புவதில்லை. இங்கிலாந்தின் துறைமுகங்களில் இதற்கொரு சிறு சான்று உண்டு.

பாறைகளிலும் கப்பலடியிலும் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிவாழும் உயிரினம் கொட்டலசு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரைகளுக்குரிய ஓர் இனத்தைச் சார்ள்ஸ் டார்வின் 1854இல் விபரித்து, 'மொடெஸ்ரஸ்' எனப் பெயரிட்டார். அடக்கமானது என்பது பொருள். அவ்வினம் 1945இல் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் துறைமுகத்தில் காணப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலக் கப்பல்களில் ஒட்டி வந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

உள்ளூர் இனம் ஆண்டுக்கு ஒருமுறையே இனம் பெருக்கும். அதன் இளவுயிர்கள் வசந்தத்தில் பாறைகளில் ஒட்டும். வந்த இனமோ சில மாதங்களிலேயே முதிர்ந்து, ஆண்டின் பெரும்பகுதியும் பெருகுகிறது. கலங்கல் நீரையும் உப்புக் குறைந்த நீரையும் தாங்குகிறது. கோடையில் வெறுமையாகும் இடத்தை அதுவே முந்திப் பிடிக்கிறது. இளஞ்சிப்பிகள் பற்றுவதற்கென வளர்ப்போர் இடும் ஓடுகளும் அதற்குத் தப்புவதில்லை. அலை மோதும் திறந்த கரைகளில் பழைய இனமே மேலோங்கி நிற்கிறது. ஆயினும் அதன் இனப்பெருக்கத்துக்குக் குளிர் வேண்டும். குளிர்காலம் வெம்மையுற்றுவர, அந்த அரணும் தளர்கிறது.

தூரத்தில் நிற்பவருக்குத் துறைமுகச் சுவரில் அதே வெண்படைதான் தெரியும். அருகே குனிந்து கூட்டின் தகடுகளை எண்ணவேண்டும்: பழைய இனத்துக்கு ஆறு, புதியதற்கு நான்கு. தலைப்புச் செய்தியாகும் மாற்றத்துக்கு ஒரு திகதி உண்டு. இத்தகைய மாற்றமோ, எண்ணிப் பார்க்க ஒருவர் இருந்தாற்றான் தெரியவரும்.