230-இல் ஓடும் 120 வோல்ட் மானிட்டர்

இந்த முறை கொஞ்சம் கரண்ட் சமாச்சாரம். பயந்து ஓடிவிடாதீர்கள், பிளஸ் டூ பிசிக்ஸைத் தாண்ட மாட்டேன் :-)

எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம் வெளிநாட்டுச் சம்பாத்தியம் புதுசில்லை. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் போனால் வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் நிறைய. அந்தக் காலத்தில் லீவில் வருகிறவர்கள் டூ இன் ஒன், டெக், டிவி என்று அட்டைப் பெட்டிகளோடுதான் இறங்குவார்கள். துபாய், சிங்கப்பூர் சாமான் என்றால் கவலையில்லை, அங்கேயும் கரண்ட் நம்மூர் மாதிரிதான். சவுதி சாமானில்தான் வம்பு. அங்கே ரொம்ப காலமாக வீட்டுக்கு வந்தது 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். 230-க்கு மாறுவது என்று அரசு முடிவெடுத்ததே 2010-இல்தான். அதனால் சவுதிப் பெட்டி வந்த வீடுகளில் கூடவே ஒரு இரும்புக் குட்டியும் உட்கார்ந்திருக்கும். ஸ்டெப் டவுன்!

ஏன் இந்தக் குழப்பம்? அமெரிக்காவில் எடிசன் காலத்தில் 110-ஐ ஒட்டி ஆரம்பித்தது இப்போது 120-இல் நிற்கிறது. ஐரோப்பா 220 பக்கம் போனது. நாம் அந்த வழி. ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. நாடு முழுக்க 100 வோல்ட்தான். ஆனால் 1895-இல் டோக்கியோவுக்கு ஜெர்மன் ஜெனரேட்டர் வந்ததால் கிழக்கே 50 ஹெர்ட்ஸ். அடுத்த வருஷம் ஒசாகாவுக்கு அமெரிக்க ஜெனரேட்டர் வந்ததால் மேற்கே 60. இன்றுவரை அப்படியே!

சரி, மேட்டருக்கு வருகிறேன். அரியலூரில் என் சித்தப்பா கல்யாண வீடியோ எடுப்பவர். அவரிடம் ஒரு 14 இஞ்ச் வீடியோ மானிட்டர் இருக்கிறது. டிவி இல்லை, சேனல் எடுக்காது. டெக்கிலிருந்து வரும் படத்தை மட்டும் காட்டும், அதை அவ்வளவு துல்லியமாகக் காட்டும். சவுதியிலிருந்து திரும்பிய ஒருவரிடம் டெக்கும் மானிட்டருமாகச் சேர்த்து வாங்கியது. இரண்டுமே 120 வோல்ட். நடுவில் ஒரு ஸ்டெப் டவுன். போன மாதம் அந்த ஸ்டெப் டவுன் புகைந்து உயிரை விட்டது. நல்லவேளை, மானிட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"தூக்கிப் போட்டுட்டு எல்இடி வாங்குங்க சித்தப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1999-இல் நடந்த எங்கள் அம்மா அப்பா கல்யாணக் கேசட் அங்கேதான் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன தாத்தா நடந்து, பேசி, சிரிப்பது அந்த ஒரே கேசட்டில்தான். கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாமே என்பீர்கள். ஏற்றத்தான் போகிறோம். ஆனால் டெக் ஓடினால்தானே ஏற்ற முடியும்?

எதற்கு இவ்வளவு பயம்? நேராக நம் பிளக்கில் சொருகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 120 வோல்ட்டை டிசி ஆக்கினால் உச்சம் சுமார் 170. அதற்கேற்ற கெபாசிட்டரைத்தான் உள்ளே வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 200 வோல்ட் தாங்குவது. நம்முடைய 230-இன் உச்சம் 325. பட்டென்று வெடிக்கும். பியூஸ் முந்திக்கொண்டால் அது நம் அதிர்ஷ்டம். போன பிக்சர் டியூபுக்குப் புது டியூப் தேடி எங்கே போவது?

நானும் சித்தப்பாவும் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனோம். நம்மூரில் போர் மோட்டார் இருக்கும்வரை காயில் கட்டுகிறவர் இருப்பார். பெரியவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "தம்பி, ஒரே சுத்தா, ரெண்டு சுத்தா?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரே சுற்றில் நடுவில் ஒரு கம்பியை வெளியே எடுத்தால் அது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் பொதுவான பாகம் அறுந்தால் 230-இன் பெரும்பகுதி அப்படியே செட்டுக்குள் பாயும். இரண்டு தனிச் சுற்று என்றால் இந்தப் பக்கக் கம்பிக்கும் அந்தப் பக்கக் கம்பிக்கும் தொடர்பே கிடையாது. செட்டுக்கும் பாதுகாப்பு, தொடும் கைக்கும் பாதுகாப்பு. சேஸிஸிலேயே கரண்ட் ஏறும் பழைய செட்கள் சில உண்டு என்பதால், இது உயிர் விஷயம்.

சித்தப்பா, "ரெண்டு சுத்தே போடுங்கண்ணே" என்றார்.

அடுத்து அளவு. மானிட்டரின் முதுகில் 120 வோல்ட், 0.8 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 96. டெக்கையும் சேர்க்க வேண்டும். சுவிட்ச் போட்டதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வருமே, டியூபின் காந்தத்தை நீக்கும் காயில், அது அந்த நொடியில் நிறைய இழுக்கும். ஆக 250 விஏ என்று முடிவானது. ஹேர் டிரையருக்கென்று கையடக்கமாக விற்கும் எடையில்லாத கன்வர்ட்டர் பக்கம் போகவே போகாதீர்கள். அது வோல்ட்டைக் குறைப்பதில்லை, அலையை வெட்டித்தான் அனுப்புகிறது.

ஹெர்ட்ஸ் என்ன ஆகும் என்று நண்பன் ஒருவன் கேட்டான். டிரான்ஸ்பார்மர் அதை மாற்றாது. 50 உள்ளே போனால் 50 தான் வெளியே வரும். கரண்ட்டை முதலில் டிசி ஆக்கிக்கொள்ளும் செட்டுக்கு அது பொருட்டே இல்லை. உள்ளே 60-க்கென்று செய்த இரும்பு டிரான்ஸ்பார்மர் இருந்தால் மட்டும் கூடுதலாகச் சூடாகும். படம் ஆடுமோ என்ற பயமும் வேண்டாம். படத்தின் வேகம் வருவது வீடியோ சிக்னலிலிருந்து, சுவரிலிருந்து அல்ல. 1982-இல் தூர்தர்ஷன் கலருக்கு வந்தபோது எடுத்துக்கொண்ட பால் முறையில் நொடிக்கு 50. அமெரிக்க முறையில் கிட்டத்தட்ட 60. மானிட்டருக்கு இரண்டும் தெரிந்தால் போதும்.

கடைசியாக நம்மூர்ப் பிரச்சினை. லைனில் 260 வந்தால் ஸ்டெப் டவுன் 136 கொடுக்கும். 180-க்கு இறங்கினால் 94 தான். ஸ்டெப் டவுனுக்கு ஏற்ற இறக்கம் புரியாது, விகிதம்தான் தெரியும். அதனால் முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தோம். புது ஸ்டெப் டவுனை எதுவும் மாட்டாமல் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மீட்டரில் பார்த்து, தொட்டுச் சூடு பார்த்த பிறகுதான் செட்டைச் சொருகினார் சித்தப்பா.

தாத்தா பந்தலில் யாரையோ அதட்டிக்கொண்டே வந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. ரீவைண்ட் மட்டும் பண்ணச் சொன்னார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். சொருகுவதற்கு முன் திருப்பி முதுகைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். 120 என்றோ 127 என்றோ இருந்தால் காயில் கடைக்கு நடங்கள். கேசட்டும் வருஷம் ஆக ஆகப் பூசணம் பிடிக்கும், தள்ளிப் போடாதீர்கள்.

டிஸ்கி: மூடியைக் கழற்றி வீரம் காட்ட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.