இரவல் இதயமும் ஏற்றிய மூச்சும்

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிழக்கு இங்கிலாந்திலிருந்து தம்பி அழைத்தான். "அக்கா, வண்டிக்குச் சூப்பர்சார்ஜர் வைக்கலாம்னு இருக்கேன்" என்றான். ஏதோ வாழ்த்துச் சொல்லி வைத்தோம். அரைமணி நேரம் கழித்து அவன் மனைவி தனியே அழைத்தாள். "அண்ணி, நீங்க சொன்னா கேட்பார். அது நம்பக்கூடிய வேலைதானான்னு கேட்டுச் சொல்லுங்க. பாப்பாவும் அந்த வண்டியிலதான் போறா."

தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் நம்மிடம் எஞ்சினின் நம்பகம் குறித்துத் தீர்ப்புக் கேட்டது வேடிக்கைதான். ஆனால் அவள் கேட்டது எஞ்சினைப் பற்றி மட்டுமன்று என்பது நமக்குப் புரிந்தது.

அந்த வண்டி 1990களில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட சிறு ஸ்போர்ட்ஸ் கார். இருக்கைகள் இரண்டே, எடை 750 கிலோவுக்கும் குறைவு, எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால். 2019 டிசம்பர் மாலை ஒன்றில், ஏழு வயது மகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு தம்பி வரும்போது, வண்டியோடு பிறந்த எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் போயிற்று. தண்ணீரும் எண்ணெயும் கலந்தன, வண்டி நின்றது. இருட்டிலும் குளிரிலும் சாலையோரத்தில் இருவரும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தனர். அந்த ஒன்றரை மணி நேரத்தை அவன் மனைவி இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு அவன் அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஹோண்டாவின் கே20 வகை இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தினான். சிவிக் டைப் ஆர் காரில் 200 குதிரைத்திறன் தந்த எஞ்சின் அது. அங்கே இத்தகைய மாற்று புதிதன்று. இலகு கார்க்காரர்கள் பலர் செய்வதுதான். ஒட்டுமாங்கன்று போல, வேர் ஓரிடத்தது, கொப்பு வேறிடத்தது. எஞ்சின் மாற்றத்தை வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் முறையாகத் தெரிவித்தான். இரண்டு ஆண்டுகள் ஒரு குறையுமின்றி ஓடியது. பிறகுதான் இந்த ஆசை.

கேட்ட பிறகு படிக்காமல் விடுவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. சில வாரங்கள் படித்தோம். தம்பியையே குறுக்குக் கேள்வி கேட்டும் தெரிந்துகொண்டோம்.

சாதாரண எஞ்சின் தானே இழுக்கும் காற்றைக் கொண்டு வாழ்கிறது. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் பெல்டாலேயே சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி. அரை பார் அழுத்தம் கூட்டினால், ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு காற்று. அதற்கேற்ற எரிபொருளும் சேர்ந்தால் 200 என்பது 300ஐ நெருங்கும். ஆனால் அழுத்தப்படும் காற்று சூடேறும். 20 பாகையில் நுழையும் காற்று, அந்த அரை பார் அழுத்தத்தில் 70 பாகை அளவுக்கு ஏறிவிடும். கே20 எஞ்சினோ முன்பே 11 மடங்குக்குக் காற்றை இறுக்கும் இயல்புடையது. சூடான காற்றை அதற்குமேல் இறுக்கினால், பொறி பட்ட பின்னர் எரியாமல் எஞ்சிய கலவை தன்னிச்சையாக வெடிக்கும். அதனை 'நாக்கிங்' என்பர். பிஸ்டனின் வளையமேடு உடைவதும், தலை உருகுவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆகவே கருவி ஒன்றை வாங்கிப் பொருத்துவதோடு வேலை முடிவதில்லை. காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர் வேண்டும். பெரிய இன்ஜெக்டர்களும் போதிய பெட்ரோல் பம்பும் வேண்டும். எஞ்சினின் கணினிக்குப் புதிய கணக்கு எழுதவேண்டும். கூடுதல் திறன் என்றால் கூடுதல் வெப்பம். எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்நீருக்குத்தான் போகிறது. இவ்வகைக் காரில் ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். இடையே நீண்ட குழாய்கள். அவற்றில் சிறு காற்றுக்குமிழ் தங்கினாலும் ஆபத்து. வளைவுகளில் வேகமாகத் திரும்பினால் எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, பம்பின் வாய் காற்றை உறிஞ்சும். அதைத் தடுக்க எண்ணெய்த் தொட்டிக்குள் தடுப்புகள் வேண்டும்.

வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதை வள்ளுவர் சொல்கிறார். வகுப்பில் அதனைச் 'சிறிதும் சேர்ந்தால் பெரிது' என்றே விளக்கி வந்தோம். இந்தக் காரைப் படித்தபோது அதன் மறுபக்கமும் தெரிந்தது. சுமை குறைந்தால் அச்சும் தப்பும். 1500 கிலோ வண்டியை இழுக்கும் 300 குதிரைத்திறன் கிளட்சையும் கியர்பாக்ஸையும் நெடுநேரம் வாட்டும். 800 கிலோகூட இல்லாத வண்டியிலோ, நாலைந்து நொடியில் சட்டம் அனுமதிக்கும் வேகத்தைத் தொட்டுவிடும். பிறகு கால் தானே தளரும். சாலையில் ஓடும் வரை எஞ்சின் முழுமூச்சில் உழைக்கும் நேரம் மிகச் சிறிது. வெப்பம் சேர்வதற்குள் ஓய்வு வந்துவிடுகிறது. பந்தயத்தடத்தில் இந்தக் கணக்குப் பொய்க்கும்; அங்கே சுற்றுக்குச் சுற்று மூச்சுமுட்டும். அதே அதிகாரத்தில் அடுத்த குறள் கிளையின் நுனிக்கு ஏறியவனைப் பற்றியது. தம்பிக்கு வேண்டிய குறள் அதுதான் என்று தோன்றியது.

தொழிற்சாலைகளே இதனைச் செய்திருக்கின்றன. லோட்டஸ் நிறுவனம் 2006இல் தன் எக்சீஜ் எஸ் காரில், டொயோட்டாவின் 1.8 லிட்டர் எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர் வைத்தது. 189 குதிரைத்திறனை 218 ஆக்கி, அத்தோடு நிறுத்திக்கொண்டது. ஏரியல் ஆட்டம் என்னும் எலும்புக்கூட்டுக் காரில், இதே சிவிக் டைப் ஆர் எஞ்சின் சூப்பர்சார்ஜரோடு 300 குதிரைத்திறன் தந்தது. ஆக, இயலாத வேலையன்று. எவ்வளவில் நிறுத்துவது என்பதே வினா.

தம்பி மனைவிக்கு நாம் சொன்ன விடை இது: "நம்பலாம்மா. ஆனா கருவி கடைசியிலதான் வரணும். முதல்ல தண்ணி, எண்ணெய், அளவுமானிகள்." தம்பியிடமும் அதையே சொன்னோம். ஓராண்டு காத்திருக்கச் சொன்னோம். முணுமுணுத்தான், ஆனாலும் கேட்டான். புதிய ரேடியேட்டர், தடுப்பு வைத்த எண்ணெய்த் தொட்டி, வெப்பமும் எண்ணெய் அழுத்தமும் எல்லை தாண்டினால் கண்ணைப் பறிக்கும் சிவப்பு விளக்கு. இவையெல்லாம் முடிந்தபின், 2023 இலையுதிர் காலத்தில், அரை பாருக்கும் குறைவான அழுத்தத்தோடு சூப்பர்சார்ஜர் ஏறியது.

2024 மே மாதக் கோடை விடுமுறையில் நாம் அங்கே போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை தந்தையும் மகளும் வண்டியில் கிளம்பினர். ஐந்து மணிக்கு வரவேண்டியவர்கள் ஆறரை வரை வரவில்லை. தம்பி மனைவி ஒன்றும் பேசவில்லை. தேநீரை மட்டும் மூன்று முறை சூடாக்கினாள். நம்பலாம் என்று சொன்னவர் நாம் அல்லவா? அந்த மௌனம் நம்மை நோக்கியே இருந்தது.

ஏழு மணிக்கு மீட்பு லாரி ஒன்று காரைச் சுமந்து வந்தது. பெல்ட் அறுந்திருக்கிறது. அவன் வைத்திருந்த அமைப்பில் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. அது போனால் காற்றும் போகும், குளிர்ச்சியும் போகும். அந்நிலையில் சில நிமிடம் ஓட்டினால் எஞ்சின் முடிந்தது. ஆனால் மகள் கண்டிருக்கிறாள். "அப்பா, சிவப்பு லைட்" என்று அவள் சொன்னதும், அவன் ஓரங்கட்டி அணைத்துவிட்டான். எஞ்சினுக்கு ஒரு கீறலும் இல்லை. அடுத்த வாரம் புதிய பெல்டோடும், இறுக்கத்தைச் சீர்செய்த உருளையோடும் மீண்டும் ஓடியது.

நம்பகம் என்றால் பழுதே நேராமை என்று அதுவரை எண்ணியிருந்தோம். பழுது நேரும்போது அது முன்கூட்டி ஒரு சொல் சொல்லவேண்டும். அச்சொல்லைக் கேட்கும் செவியும் அருகில் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால் இரவல் இதயமும் ஏற்றிய மூச்சும் நெடுநாள் ஒத்து வாழும் போலும். 2019இல் அந்த வண்டியில் எச்சரிக்க ஒரு விளக்கும் இல்லை. எரிந்திருந்தாலும் படிக்கும் வயது அவளுக்கு இல்லை.

ஊர் திரும்பும் நாளில் தம்பி மனைவியிடம், "நாங்க சொன்னது தப்பாப் போச்சோ?" என்று கேட்டோம். அவள் சிரித்தாள். "இல்லண்ணி. இனி பாப்பா இல்லாம அவர் தனியா அந்த வண்டியை எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.